செம்பியன் மாதேவியார்

நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர், முதுமையால் தம் அன்னையார் சிவபதம் எய்தியதைத் தெரிவித்து, அவ்வம்மையார் நினைவாக இவ்விதழில் ஏதேனும் எழுதவேண்டுமென்று சின்னாட்களுக்கு முன் என்னைக் கேட்டுக்கொண்டார். கேட்டவர் உடனே தயங்கி, மக்களை வளர்த்தார், பேரப்பிள்ளைகளை வளர்த்தார், கோயிலுக்குப் போய்வந்தார், இவற்றையன்றி எழுதுவதற்கு என்ன இருக்கின்றது என்று தாமே சொல்லி வருந்தினார். அச்சொற்கள் சில நாள் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. மகனை வளர்த்தமையும் கோயிலுக்குச் செய்த தொண்டுமே தம் வரலாறாக, ஆயிரம் ஆண்டுகளாக நினைக்கப்பெற்று வரும் தாய் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார் அல்லரோ என்ற எண்ணம் அப்பொழுது எழுந்தது. அவரே சோழப் பேரரசியாராகிய செம்பியன் மாதேவியார். அவர் சரித்திரத்தை அறிந்த அளவு ஈண்டு எழுதத் துணிந்தேன்.

இப்பிராட்டியாரைப் பற்றித் தனிக் காவியம் ஒன்றும் எழவில்லை. கல்வெட்டுக்களும் செப்பேடுகளுமே சான்று. அவர் செய்த அறங்களைப் பொறித்த கல்வெட்டுக்கள், கண்டராதித்த தேவரின் தேவியார் என்று சொல்வதோடு நில்லாமல், உத்தமசோழ தேவரைத் திருவயிற்றில் தாங்கிய பிராட்டியார் என்றும் அவரைப் பலவிடத்தும் குறிக்கின்றன. தாய்மையே பட்டமாயிற்று. கல்கி அவர்கள் 1950-ஆம் ஆண்டு முதல் எழுதிய பொன்னியின் செல்வன் என்னும் புதினத்தாலும், அதன்மேல் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களாலும் அவர் பெயர் இன்று வீடுதோறும் தெரியும். ஆயினும், குழந்தை மாறிய கதை முதலியன புதினத்தின் சுவைக்காக அமைந்தவை. அவற்றைச் சரித்திரம் என்று கொள்ளுதல் தகாது.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோழர் எம் குலத்தவரே என்று உரிமை பாராட்டாத சங்கம் நம் நாட்டில் அருமை. நம்முள்ளும் அவ்வாராய்ச்சியில் ஊக்கமுடைய பெரியோர் உளர். யான் அதில் இறங்கவில்லை. தாயென்ற முறையில் அப்பிராட்டியார் எல்லார்க்கும் பொதுவானவர்.

செம்பியன் மாதேவியார் மழவர் குலத்துச் சிற்றரசர் ஒருவரின் திருமகளார். முதற் பராந்தக சோழரின் மைந்தராகிய கண்டராதித்தருக்கு வாழ்க்கைப்பட்டார். அவர் சோழர் மாளிகையிற் புகுந்த காலம் நற்காலம் அன்று. பராந்தகர் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், நம் உத்திரமேரூர்ச் சபையார் குடவோலையால் வாரியங்களைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டிவைத்ததை நாமெல்லாம் பெருமையாகப் பேசுகிறோம். அக்கல்வெட்டு எழுந்து முப்பது ஆண்டுகள் நிரம்புவதற்குள் 949-இல் தக்கோலப் போர் நிகழ்ந்தது. இராட்டிரகூட அரசராகிய மூன்றாங் கிருட்டிணர் படையோடு பொருது, பட்டத்திற்குரிய மூத்த மைந்தராகிய இராசாதித்தர் யானைமேலிருந்தவாறே உயிர் துறந்தார். தொண்டைநாடு சோழர் கையைவிட்டுப் போயிற்று. சபை விதிகளைத் தாங்கிய அதே உத்திரமேரூரில் கன்னரதேவன் என்று அந்த வேற்றரசர் பெயரால் ஆண்டு குறித்த கல்வெட்டுக்களும் உண்டு. இரண்டையும் ஒருநாளிற் பார்த்து வருவோர்க்கு அக்காலத்துத் துயரம் ஒருவாறு புலனாகும்.

இராசாதித்தர் மறைந்தமையால் இளவலாகிய கண்டராதித்தர் அரியணை ஏறினார். அவர் வாளினும் திருமுறையில் மிகுந்த பற்றுடையவர். தில்லைக் கூத்தன்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையுள் வைத்துப் போற்றப்படுகின்றது. கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள கண்டராதித்தம் என்னும் ஊர் இன்றும் அவர் பெயரை உடையது. ஆண்டது சில ஆண்டுகளே. 957-ஐ ஒட்டிய காலத்தில் அவர் ஆட்சி முடிந்தது. கல்வெட்டுக்கள் அவரை மேற்கே எழுந்தருளிய தேவர் என்று கூறும். அஃது அவர் மறைவைக் குறிப்பதோ, அரசு துறந்து மேற்றிசை நோக்கிச் சென்றதைக் குறிப்பதோ என்று ஆராய்ச்சியாளர் இரு கூறாக நிற்பர். எதுவாயினும், மாளிகையில் எஞ்சியவர் இளமைப் பருவத்துக் கைம்பெண்ணும் சிறு குழந்தையுமே.

அரச குலத்து மகளிர் சிலர் கணவரோடு தீப்புகுதல் அக்காலத்தில் உண்டு. இக்குடும்பத்திலேயே அது நிகழ்ந்தது. பின்னாளில் சுந்தரசோழர் நம் காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் உயிர் நீத்தபொழுது அவர் தேவியாராகிய வானவன் மாதேவியார், இளமகவையும் விட்டு அவரோடு தீயிற் புகுந்தனர் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு உருக்கமாகப் பேசுகின்றது. அதனைப் புகழ்ந்து பாடும் மரபு நம்மிடம் இருந்தது. எனக்கோ, குழந்தைக்காக உயிர் தாங்கியிருந்த செம்பியன் மாதேவியாரின் செயலே அரியதாகத் தோன்றுகின்றது. தீயின் வெப்பம் ஒருநாழிகை. அவர் தாங்கியது நாற்பது ஆண்டுகட்கு மேல்.

மைந்தர் மதுராந்தகர் சிறுவராயிருந்தமையின் அரசு அவர்க்கு வரவில்லை. சிற்றப்பராகிய அரிஞ்சயரிடம் சென்றது. அவர் சிறிது காலத்தில் மறைய, அவர் மைந்தர் சுந்தரசோழரிடம் சென்றது. சுந்தரசோழர்க்கு ஆதித்த கரிகாலர், அருண்மொழி என்று இரு மைந்தரும் குந்தவையார் என்னும் மகளும் இருந்தனர். ஆகவே ஒரே மாளிகையில் இரண்டு கிளைகள் ஆயின. மூத்த கிளையின் மைந்தர்க்கு உரிமை உண்டு. ஆட்சியோ இளைய கிளையின் கையில். நிலம் பத்துக் காணியாயினும் பங்காளிகள் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதை நம் ஊர்களில் வாழ்வோர்க்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஈண்டு இருந்ததோ ஓர் அரசு.

969-ஐ ஒட்டி ஆதித்த கரிகாலர் கொலையுண்டார். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அக்கொலைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களும் உறவினரும் வைத்திருந்த உடைமையை இராசராசர் தம் இரண்டாம் ஆட்சியாண்டில் பறிமுதல் செய்ததைத் தெரிவிக்கின்றது. கொலைக்குப் பின் அரசெய்தியவர் மதுராந்தகர். உத்தமசோழர் என்பது அவர் பட்டப்பெயர். இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த நீலகண்ட சாஸ்திரியார், உத்தமசோழர்க்கு அதில் பங்குண்டு என்று ஐயுற்றார். பின்வந்தோர் பலர் அதனை மறுத்தனர். திருவாலங்காட்டுச் செப்பேடு, குடிகள் அருண்மொழியை அரசேற வேண்டியும், சிறிய தந்தையார் நாடாள விரும்பும்வரை தாம் விரும்புவதில்லை என்று அவர் மறுத்துவிட்டதாகக் கூறும்.

கொலையில் மகனுக்குப் பங்கில்லை என்று கருதுவோர் பக்கமே யான் நிற்கிறேன். சான்றாக யான் கொள்வது மகனுடைய ஒழுக்கத்தை அன்று, தாய்க்குப் பின்னர்க் கிடைத்த மதிப்பை. உத்தமசோழர் 985-இல் மறைந்தார். அதன்பின் அரசேறிய இராசராசர், கொல்லப்பட்டவரின் உடன்பிறந்த தம்பி. அவரே துரோகிகளின் நிலத்தையும் மனையையும் விடாது பறித்தவர். அத்தகையவர், தமையனைக் கொல்வித்தவனென்று தாம் கருதிய ஒருவனைப் பெற்ற தாயைப் பதினாறு ஆண்டுகள் தம் குலமூதாட்டியாக வைத்துப் போற்றியிருப்பாரோ? இராசராசர் ஆட்சியிலும் பிராட்டியாரின் திருப்பணிகள் சிறிதும் தடைப்படவில்லை. கல்லில் அவர் பெயர் முன்னிருந்த சிறப்போடே வருகின்றது. மகன் இறந்தபின்னும் மகனைக்கொண்டே அவரை அழைக்கின்றனர்.

நிற்க. அவர் செய்த தொண்டுகளைச் சிறிது பார்ப்போம்.

தேவாரம் பாடிய மூவர் வழிபட்ட தலங்கள் பல செங்கல்லாற் கட்டப்பெற்று மழையாலும் வெள்ளத்தாலும் சிதைந்துவந்தன. அவற்றைக் கருங்கல்லால் எடுப்பித்தல் பிராட்டியாரின் வாழ்நாட் பணியாயிற்று. கோனேரிராசபுரமாகிய திருநல்லம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிகா, ஆனாங்கூர், திருமுதுகுன்றமாகிய விருத்தாசலம், திருவாரூர் அரநெறி, தம் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி, திருவக்கரை எனப் பத்தளவான கோயில்கள் அவரால் கற்றளிகளாயின. சிற்பிகளும் கன்னார்களும் அவர் காலத்தில் அடைந்த தேர்ச்சியைக் கண்டோர் வியப்பர். அவர் எடுப்பித்த கோயில்களில் கூத்தப்பெருமான் திருவுருவம் கருவறையின் புறச்சுவர் மாடத்தில் இடம்பெறுவதைச் சிற்பநூல் வல்லார் சிறப்பாகக் குறிப்பர். கணவர் பாடிய பெருமானைத் தேவியார் சுவர்தோறும் எழுந்தருளச் செய்தார் என்று கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

திருநல்லத்துக் கோயில் மகனுடைய ஆட்சியில் கணவர் பெயரால் எடுக்கப்பெற்றது. அங்கே கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடுவதாக ஓர் உருவம் செதுக்கி, இன்னார் என்று கீழே எழுத்தும் பொறித்திருக்கின்றனர். சில ஆண்டே ஆண்டு, நாட்டையும் இழந்த நிலையில் மறைந்த ஓர் அரசரை உலகம் எளிதில் மறந்திருக்கும். தேவியார் மறக்க விடவில்லை. இதனினும் என்னை ஈர்த்தது வேறொன்று. கோயிலைக் கட்டுவித்த அதிகாரியாகிய ஆலத்தூருடையான் சாத்தன் குணபட்டன் என்பானுடைய பெயரும், அவன் பெற்ற பட்டமும் அச்சுவரிலேயே பொறிக்கப்பெற்றுள்ளன. வேலை செய்தவனுடைய பெயரை மறைத்துத் தம் பெயரை மட்டும் பொறித்துக்கொள்வோரை நாம் கண்டதில்லையா?

திருக்கோடிகாவில் அவர் செய்தது தனியே சொல்லத்தக்கது. பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எடுக்கும்பொழுது, முன்னோர் கொடுத்த நிவந்தங்கள் எழுதிய பழங்கற்கள் பல கிடைத்தன. அவை வேற்றரசர் காலத்தவை. பல்லவர் காலத்துச் செய்திகளும் அவற்றுள் உண்டு. அக்கற்களை அப்புறப்படுத்தினால் கேட்பார் இல்லை. பிராட்டியாரோ, அவற்றின் வாசகங்களைப் புதுச் சுவரில் மீளவும் வெட்டச் செய்து, இவை பழங்கல்லின் படி என்று ஒவ்வொன்றிலும் குறிக்கவும் செய்தார். எவரோ ஒருவர் எக்காலத்திலோ ஒரு விளக்கெரிக்கக் கொடுத்த பொன்னும் மறைந்துவிடலாகாது என்ற கருத்து அது. யான் ஓர் ஊரில் திருப்பணி நடந்தபொழுது, எழுத்துள்ள கற்களை எழுத்து உட்புறமாகத் திருப்பிவைத்துச் சுண்ணச்சாந்து பூசியதை நேரிற் கண்டேன். விசாரித்ததற்கு, பழைய எழுத்து யாருக்குப் படிக்கத் தெரியும் என்ற விடையே வந்தது. அன்றிரவு திருக்கோடிகாவை நினைத்துக்கொண்டேன்.

தாயின் வளர்ப்பு மகனிடம் எவ்வாறு விளங்கிற்று என்பதற்கு நம் காஞ்சிபுரத்திலேயே சான்றுண்டு. உத்தமசோழர் காலத்தில் தொண்டைநாடு மீண்டும் சோழர் வசமாகியிருந்தது. ஊரகம் என்னும் உலகளந்த பெருமாள் கோயில் நிவந்தங்களைப் பற்றி அவர் அளித்த செப்பேடு சென்னை அரும்பொருட்சாலையில் உள்ளது. கூரம், அரியபெரும்பாக்கம் ஆகிய ஊர்ச்சபையார் பெற்றுக்கொண்ட பொன்னுக்கு ஆண்டுதோறும் தரவேண்டிய வட்டியும், அதனால் நடக்கவேண்டிய பூசையும் விழாவும் அதில் வரையறுக்கப்பெற்றுள்ளன. கணக்கையும் காவலையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கச்சியில் நெசவுத்தொழில் செய்த சேரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. தாயும் தந்தையும் சிவபத்தியில் தோய்ந்தவர். மகன் பெருமாள் கோயிலின் கணக்கைச் செவ்வைப்படுத்துகிறார். அந்த மாளிகையில் சமயப் பகைமை வளர்க்கப்படவில்லை என்பது இதனால் தெளிவு.

இனி நாகப்பட்டினத்தை அடுத்த செம்பியன் மாதேவி என்னும் ஊருக்கு வருவோம். அவ்வூர்க் கைலாசநாதர் கோயிலும் பிராட்டியார் எடுப்பித்ததே. உத்தமசோழர்க்குத் தேவியர் பலர். அவர்களுள் பலர் அக்கோயிலுக்கு நிவந்தங்கள் அளித்திருக்கின்றனர். எதற்காகவெனில், பிராட்டியார் பிறந்த சித்திரைத் திங்கள் கேட்டை நாளில் சிறப்பு வழிபாடு நடத்தவும் அமுதளிக்கவும். தம் மாமியாருடைய பிறந்தநாள் கொண்டாடப்படுவதற்காக மருமகளிர் பொன் கொடுத்துக் கல்லில் எழுதிவைத்த செய்தி இது! இதனைப் பள்ளியில் ஒருமுறை சொன்னபோது மாணவர்கள் சிரித்துவிட்டனர். அவர்கள் சிரித்ததில் குற்றமில்லை. வீட்டிற் கேட்பது வேறு. அரசர் கட்டளையால் கோயில் எழும், வரி தள்ளப்படும். மருமகளிர் பலர் ஒருவர்பின் ஒருவராக முன்வந்து மாமியார் நாளைக் காப்பாற்றுதல் கட்டளையால் மட்டும் ஆவதென்று யான் நம்பவில்லை. வேறு வேறு நாட்டிலிருந்தும் குடியிலிருந்தும் வந்த அப்பெண்மக்களை அவர் எவ்வாறு நடத்தினார் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை, அந்நிவந்தங்களே சொல்லுகின்றன.

985-இல் மகன் மறைந்தபின் அரசு அருண்மொழியாகிய இராசராசரிடம் சென்றது. உத்தமசோழர்க்குக் கண்டராதித்தர் என்று பாட்டனார் பெயர் தாங்கிய மைந்தர் ஒருவர் இருந்தார். செம்பியன் மாதேவியாரின் சொந்தப் பேரர் அவரே. தந்தை ஆண்ட அரியணை தமக்கென்று கேட்டுக் கலகம் விளைக்க அவர்க்கு வழியில்லாமல் இல்லை. அவர் செய்ததோ வேறு. மதுராந்தகன் கண்டராதித்தன் என்ற பெயரோடு இராசராசரின் கீழ்க் கோயிற் காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாயினார். நிவந்தங்களைச் செவ்வனே நடத்தாதாரைத் தண்டித்தார். பாட்டி கட்டிய கோயில்களின் நாட்டில் பேரர் கோயிற்கணக்குப் பார்த்தார். மகனுக்கு ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட உரிமையைப் பேரனுக்கு நினைவூட்டி நெருப்பு மூட்டுவதற்குப் பாட்டியின் நாவொன்றே போதும். அந்நா அதனைச் செய்யவில்லை. இரு கிளையும் ஒரு குடும்பமாகவே நின்றன.

அவர் பெயரோடு கூடிய கல்வெட்டுக்கள் இராசராசரின் 16-ஆம் ஆட்சியாண்டாகிய 1001 வரை காணப்படுகின்றன. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் சிவலோகமுடையார் கோயிலைக் கற்றளியாக்கியது அவ்வாண்டில். கணவர், மகன், கொழுந்தர், கொழுந்தர் மகன், அவர் தேவி எனப் பலர் மறைவையும் கண்டு, முதுமையிலும் அவர் கற்களைச் சுமப்பித்துக்கொண்டிருந்தார். அதனையடுத்துச் சிவபதம் எய்தினர் போலும்.

அவர் காலஞ்சென்று பல ஆண்டுகட்குப் பின், 1019-ஐ ஒட்டி, இராசராசரின் மைந்தராகிய முதல் இராசேந்திரர் செம்பியன் மாதேவிக் கோயிலில் அப்பிராட்டியாரின் திருவுருவத்தை எழுந்தருளுவித்து, அதன் வழிபாட்டிற்கும் நிவந்தம் வகுத்தார். முறையில் இராசேந்திரர் அவர்க்குச் சொந்தப் பேரர் அல்லர். கொழுந்தனாரின் பேரருக்கு மகன். இராசேந்திரர் அப்பொழுது நாடுகள் பலவற்றை வென்று புகழின் உச்சியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தவர். பாட்டனாருடைய தந்தையின் தமையன் மனைவி என்ற அளவில் நம்முள் எத்துணைப் பேர் ஒரு மூதாட்டியின் பெயரையாவது அறிவோம்?

அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரத்துப் பிரீயர் கலைக்கூடத்தில், சற்றே நீண்ட தோளும் மெலிந்த இடையுமாக நிற்கும் ஒரு செப்புத் திருமேனி இருக்கின்றது. 1929-இல் வணிகர் ஒருவரிடமிருந்து அக்கூடம் அதனை வாங்கிற்று. அது செம்பியன் மாதேவியாரின் திருவுருவமே என்பர் பலர். உமையின் வடிவம் என்பர் சிலர். கைலாசநாதர் கோயிலிலிருந்து களவுபோனது அதுவே என்று தமிழ்நாட்டுச் சிலைத்தடுப்புக் காவற்பிரிவினர் கூறியுள்ளனர். திருமேனி எங்கிருப்பினும், அவ்வூரார் சித்திரைக் கேட்டையைப் பிராட்டியாரின் பிறந்தநாளாகக் கொண்டாடுவதை விடவில்லை.

இவ்வளவும் எழுதியபின், என்னைக் கேட்டுக்கொண்ட அங்கத்தினரின் வீட்டிற்குச் சென்று, மறைந்த அன்னையார் பிறந்த நட்சத்திரம் யாதென்று வினவினேன். மைந்தர் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அடுக்களையிலிருந்த மூத்த மருமகளார் வெளியே வந்து, புரட்டாசித் திருவோணம் என்று சொன்னார்.